அது மெட்ராஸ் ஐ இல்லை, முரளி

அன்பு முரளி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் என் கைக்குப் பழக்கம். ஆனால் உன் நலம் எப்படி இருக்கிறது என்பதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோ காலில் நானே பார்த்துவிட்டேன். ஜன்னலுக்குத் திரையை இழுத்துவிட்டு, வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். "இன்னாடா, இந்த வயசுல ஹீரோ வேஷம்?" என்று கேட்டேன். "மெட்ராஸ் ஐ மா. கம்பெனில பாதி பேருக்கு வந்துகினு கீது. நாலு நாள்ல போய்டும்" என்றாய். புனேவுக்குப் போய் இத்தனை வருஷமாகியும் பையன் பேச்சு ஆவடியை விட்டு நகரவில்லை என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கழட்டு என்றேன். "வாணாம் மா, பாத்தா ஒட்டிக்கும்" என்றாய். ஃபோன் வழியாக ஒட்டுகிற நோயை உங்கள் கம்பெனியில்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். நான் விடாமல் கத்திய பிறகு ஒரு நிமிஷம் கழட்டினாய். இடது கண் செக்கச்சிவேல் என்று இருந்தது. வலது கண்ணில் ஒன்றுமே இல்லை. உடனே கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "லைட்டு குத்துதும்மா" என்றாய். அப்புறம் டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. கவிதா எடுத்து, "தூங்குறாரு அத்தை" என்றாள். ஃபோனில் நான் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சிட்டியா" என்று நீ சொல்வாய், நான் கோபத்தில் வேறு எதையாவது பேசிவிடுவேன், பேச வந்தது நின்றுபோகும். அதனால்தான் பேப்பர் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து கவிதாவின் ஃபோனுக்கு அனுப்புவார். கவிதா, இதை நீயே அவனுக்குப் படித்துக் காட்டு அம்மா. அந்தக் கண்ணோடு அவனால் படிக்க முடியாது. முடியும் என்று சொன்னால் நம்பாதே.

முரளி, அது மெட்ராஸ் ஐ இல்லை. நான் டாக்டர் இல்லை, வாழ்க்கை முழுக்க ஃபாக்டரியில் சீருடை தைத்தவள். ஆனால் மெட்ராஸ் ஐ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், இது என்ன என்றும் தெரியும். மெட்ராஸ் ஐ வந்தவனுக்குக் காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், பீளை வழியும், அரிக்கும், இன்றைக்கு ஒரு கண் என்றால் பெரும்பாலும் நாளைக்கு அடுத்த கண்ணும் சிவக்கும். பீளையைத் துடைத்துவிட்டால் எதிரே இருப்பது நன்றாகத் தெரியும். உன் கண்ணில் பீளை இல்லை. ஒரு கண் மட்டும்தான் சிவந்திருக்கிறது, அதுவும் கருவிழியைச் சுற்றித்தான் அதிகம். வெளிச்சம் குத்துகிறது என்று உன் வாயாலேயே சொன்னாய். புருவத்துக்கு உள்ளே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலிக்கிறதா, எதிரே புகை போட்ட மாதிரி இருக்கிறதா என்று கேட்கத்தான் அன்றைக்கு அத்தனை முறை கூப்பிட்டேன். வலிக்கும். எனக்கு அப்படித்தான் வலித்தது.

அம்மாவுக்கு இடது கண் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அது எப்படிப் போனது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் அப்பா "பூ விழுந்துடுச்சி" என்று சொல்லி முடித்துவிடுவார். நானும் தலையாட்டுவேன். பூ ஒன்றும் விழவில்லை. யாரும் பார்க்காததால் போன கண் அது. நான் இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே யாரும் பார்க்கவில்லை.

அப்போது நாம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நீ பத்தாவது முடிக்கப் போகிற வருஷம். மழை விட்டு வெயில் ஏறுகிற சமயத்தில் ஃபாக்டரியில் வழக்கம்போல மெட்ராஸ் ஐ சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் லைனில் யார் கண் சிவந்தாலும் சூப்பர்வைசர் மிஷினை நிறுத்தச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். போகிறவள் குனிந்த தலையோடு போவாள், நாங்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவள பாக்காதீங்கடி, ஒட்டிக்கும்" என்போம். பார்த்தால் ஒட்டாது, தொட்டால்தான் ஒட்டும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியே போட்டிருந்தார்கள். யார் கேட்டோம்? அப்படி ஒருநாள் என் கண் சிவந்தது. சூப்பர்வைசர் தூர நின்று கையை ஆட்டினார், நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. ஒரு வாரம் மிஷின் சத்தம் இல்லாமல் படுத்திருக்கலாமே.

வரும் வழியில் தெருமுனை கிளினிக்கில் ஏறினேன். அந்த டாக்டரே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவருக்கும் அந்த வாரம் மெட்ராஸ் ஐ. "உங்களுக்கும் வந்துடுச்சா?" என்று மேஜைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தே கேட்டார், "வந்துடுச்சி சார்" என்றேன், சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வைத்தியம் முடிந்தது. வீட்டுக்கு வந்தால் அப்பா எனக்குத் தனித் துண்டு, தனித் தலையணை, தனி டம்ளர் எடுத்து வைத்திருந்தார். மூன்றுமே சரியான காரியம்தான், மெட்ராஸ் ஐயாக இருந்திருந்தால். நீ என் அறைப் பக்கம் வரும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே, "மா, சோறு எங்க கீது?" என்பாய். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார். நான் கண்ணாடி பார்க்கவில்லை, பார்த்தால் அடுத்த கண்ணுக்கும் வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இப்படியாக அந்த வாரம் முழுக்க என் கண்ணை நான் உட்பட ஒருவரும் பார்க்கவில்லை. அடுப்பு நெருப்பைப் பார்த்தால்கூட ஊசியால் குத்தியது. பீளை வரவில்லை. வீட்டில் ஒருவருக்கும் ஒட்டவும் இல்லை. "பாத்தியா, நான் ஜாக்கிரதையா இருந்ததாலதான்" என்று அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார்.

வலி தாங்காமல் போனபோதுதான் ஃபாக்டரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் முதலில் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி எதிர்ச் சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். இடது கண்ணால் பெரிய எழுத்துகள் மட்டும்தான் தெரிந்தன. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார். நல்ல கண்ணில் அடித்தபோதும் சிவந்த கண்ணில் வலித்தது. அவர் மறுபடியும் அடித்துப் பார்த்துவிட்டு, "இது மெட்ராஸ் ஐ இல்லம்மா. கண்ணுக்கு உள்ள வீங்கி இருக்கு. கண்ணு பாப்பா சுருங்கியே நிக்குது. இத பாக்கிற மிஷின் எங்ககிட்ட இல்ல. கண் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், இன்னிக்கே போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. மெடிக்கல்ல சொட்டு மருந்து எதையும் நீங்களா வாங்கிப் போடாதீங்க" என்றார். அவர் பேச்சில் ஒரு சொல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான்தான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று கேள். மறுநாள் மாங்காட்டு அம்மன் கோயிலில் எனக்கு ஆறாவது வாரம். உனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்க வேண்டும் என்று ஆறு வாரம் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு வருவதாக அம்மனுக்கு வேண்டியிருந்தேன். ஆறாவது வாரம் தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதை முடித்துவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். பூந்தமல்லியில் பஸ் மாறி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். பழத்தைக் கொடுத்துவிட்டு வந்த அடுத்த நாளிலிருந்து சிவப்பு குறைய ஆரம்பித்தது. அந்த வாரம் முடிவதற்குள் கண் வெள்ளையாகிவிட்டது. "அம்மா பாத்துக்கிட்டா" என்று தெருவெல்லாம் சொன்னேன். இந்த நோய் அப்படித்தான் முரளி, தானாக வந்து தானாகக் கொஞ்சம் அடங்கும், அடங்கும்போது உள்ளே ஒட்ட வைத்துவிட்டுப் போகும். நான் அம்மனைக் குறை சொல்லவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று அவள் சொன்னாளா? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து அதே கண் மறுபடி சிவந்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியாதா? மறுபடி ஆறு வாரம் ஆரம்பித்தேன். அப்பாகூட, "இன்னாம்மே, அந்த டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்களே, போலாமா?" என்று கேட்டார். முடிச்சிட்டுப் போகலாம் என்றேன். நடுவில் வலி பொறுக்காமல் மெடிக்கலில் போய்க் கண்ணைக் காட்டினேன். கண்ணை எங்கே காட்டினேன், போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் காட்டினேன். கடைக்காரப் பையன் ஒரு சொட்டு மருந்து கொடுத்தான். போட்ட இரண்டாம் நாளே சொர்க்கம் மாதிரி இருந்தது. வலி போச்சு, சிவப்பு போச்சு. பிறகு கண் லேசாக உறுத்தினாலும் அதையே வாங்கிப் போட்டுக்கொண்டேன், லைனில் இரண்டு பேருக்குச் சிபாரிசுகூடச் செய்தேன். அது ஸ்டீராய்டு மருந்து, யாரும் பார்க்காமல் அதை மாதக்கணக்கில் ஊற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கும்போது நல்ல கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கினேன். மிஷின், துணி, என் கை எல்லாமே காணாமல் போய்விட்டன. இடது கண் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. நல்ல கண் பார்த்துக்கொண்டிருந்ததால் போன கண்ணைப் பற்றி யோசிக்கவே இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொல்லி, கத்தி மாதிரி மெல்லிய வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார்கள். அந்த மிஷினில்தான் உள்ளே இருப்பது தெரியும். வேறு எதிலும் தெரியாது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்புதான். பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டர், "காலைல எழுந்ததும் இடுப்பு கட்டை மாதிரி பிடிச்சுக்குமா? நடக்க நடக்க சரியாயிடுமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணுக்கு வந்தவளிடம் இடுப்பைப் பற்றிக் கேட்கிறாரே என்று. ஆனால் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பிடிக்கும், நாள் முழுக்க மிஷினில் குனிந்து உட்காருவதால் என்று நினைத்திருந்தேன். வாயில் புண் வருமா, இருமல் உண்டா, மூட்டு வீங்குமா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். உடம்பே தன் கண்ணையும் தன் இடுப்பையும் எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிற வியாதி என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கண்ணின் பாப்பா பின்னால் இருக்கிற லென்ஸோடு ஒட்டிவிட்டது, அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, போன பார்வை வராது என்றார். "மொத தடவ சிவந்தப்பவே இந்த மிஷின்ல உக்காந்திருந்தா பாப்பாவை விரிக்கிற மருந்தப் போட்டு ஒட்டாம பாத்திருப்போம்" என்றார். பிறகு எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பையன் என்றேன். இது சில குடும்பங்களில் பிள்ளைக்கும் இறங்கும், அவனுக்கு இடுப்பு பிடித்தாலோ ஒரு கண் சிவந்தாலோ மெட்ராஸ் ஐ என்று விட்டுவிடாதீர்கள் என்றார்.

அந்த எச்சரிக்கையை மட்டும் நான் உன்னிடம் சொன்னேன். பாலிடெக்னிக்கில் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாயே, அப்போது சொன்னேன். புனேவுக்கு ரயில் ஏறும்போது சென்ட்ரல் பிளாட்ஃபாரத்தில் சொன்னேன். உன் கல்யாணத்தில் மணவறையில் நீ எழுந்திருக்கும்போது கிழவன் மாதிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய், அப்போதும் காதில் சொன்னேன். "மா, ஐயர் கீறாரு, அப்பறம் பேசு" என்றாய். போன வருஷம் ஒரு தடவை கண் சிவந்ததை மாதக்கணக்கு கழித்துச் சொன்னாய், மெடிக்கலில் மருந்து வாங்கிப் போட்டேன், மேட்டர் ஓவர் என்று. அதற்கு முந்தின வருஷமும் ஒரு தடவை. வருஷா வருஷம் ஒரே கண்ணுக்கு மட்டும் வருகிற மெட்ராஸ் ஐயை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? தாயைப் போல பிள்ளை நூலைப் போல சேலை என்பார்கள். என் மூக்கை எடுத்துக்கொண்டாய், என் பிடிவாதத்தை எடுத்துக்கொண்டாய், அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதைக் கேட்ட இடத்திலிருந்தே எழுந்திரு. ஷிஃப்ட் முடியட்டும் என்று பார்க்காதே. கண்ணாடிக் கடைக்குப் போகாதே, காய்ச்சல் பார்க்கிற டாக்டரிடமும் போகாதே, அந்தத் தாடை வைக்கிற மிஷின் இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்குப் போ. உட்காருவதற்கு முன்னாலேயே சொல், என் அம்மாவுக்கு இந்த நோயால் ஒரு கண் போயிருக்கிறது, எனக்குக் காலையில் இடுப்பு பிடிக்கும், இது முதல் தடவை இல்லை என்று. வீட்டில் எந்தச் சொட்டு மருந்து போட்டாயோ அந்தப் பாட்டிலையும் பையில் எடுத்துக்கொண்டு போ, திட்டுவார்கள் என்று மறைக்காதே. வண்டி ஓட்டாதே, பாப்பாவை விரிக்கிற மருந்து போட்டால் ஒன்றும் தெரியாது, கவிதா கூட வரட்டும். இவ்வளவுதான். நீ போக மாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். "கண்ணு தெரியாத அம்மாவுக்கு எல்லார் கண்ணும் குருடாத் தெரியுது" என்று நினைப்பாய். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. நினைத்துக்கொள்.

இதுவரை எழுதியது நேற்று. கண் வலித்ததால் மூடி வைத்துவிட்டேன், காலையில் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று. காலையில் காபி போடுவதற்குள் கவிதா ஃபோன் செய்தாள்.

உனக்கு நடந்ததை உனக்கே நான் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் அவள் எனக்குச் சொன்னது உனக்குத் தெரியட்டும். தலை பிளக்கிற மாதிரி வலி என்று நீ சாயங்காலத்திலிருந்து சுருண்டு கிடந்தாயாம், வாந்தி எடுத்தாயாம். பக்கத்து ஆஸ்பத்திரியில் வயிற்றுக்கு ஊசி போட்டு அனுப்பினார்களாம், கண்ணாடியைக் கழட்டு என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லையாம். விடிந்ததும் அவளே ஆட்டோ பிடித்து உன்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். "பாப்பா சுத்தியும் ஒட்டிக்கிச்சாம் அத்தை. பிரஷர் ரொம்ப ஏறி கண்ணு கல்லு மாதிரி இருக்காம். இந்த ஒரு வாரத்துல வந்தது இல்லையாம், முன்னாடி வந்தப்பவே நரம்பு பாதி போயிருக்குமாம். இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுதாம். பிரஷர் குறைக்கப் பாக்குறாங்க. பார்வை திரும்புமான்னு கேட்டேன் அத்தை. அவங்க அடுத்த கண்ணப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள். அப்படிப் பேச ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என்னிடமும் அப்படித்தான் பேச ஆரம்பித்தார்கள்.

அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். "அவரு என்னக் கண்ணப் பாக்கவே விடல அத்தை. எனக்கு ஒட்டிக்கும்னு ஒரு வாரமா அந்தப் பக்கம் திரும்பியே படுத்துக்கிட்டாரு." உன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. கோபமாவது இருந்தால் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அதுவும் போனதும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா அடுப்பை அணைத்தார். பிறகு, "நேத்தே அனுப்பி இருக்கலாமோ?" என்றார். நேற்று அனுப்பியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று கவிதா சொன்ன கணக்கிலிருந்து எனக்குத் தெரிகிறது. அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. அந்த இடது கண்ணுக்கு இனி அதனால் பயன் இல்லை, ஆனால் வலது கண்ணுக்கு ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே பொருந்தும். அதுவும் ஒருநாள் சிவக்கலாம். சிவக்காது என்று உன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்ய எனக்குத் துணிவில்லை, என் வலது கண் இதுவரை இரண்டு முறை சிவந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் அன்றைக்கே ஓடினேன், அதனால்தான் இந்த எழுத்தை எழுத முடிகிறது. முதல் தடவையைவிடப் போன தடவை டாக்டர் அதிக நேரம் பார்த்தார், பார்த்துவிட்டு அதிகம் பேசவில்லை. அதை வேறொரு நாள் சொல்கிறேன். உனக்கு மருந்து மாத்திரை என்று நீண்ட நாள் கொடுப்பார்கள். நன்றாக இருக்கிறது என்று நிறுத்தாதே. நன்றாக இருக்கும்போதுதான் அது ஏமாற்றும்.

ஆக உனக்கு நான் சொல்லித் தர மீதி இருப்பது ஒற்றைக் கண்ணோடு இருப்பது எப்படி என்பதுதான். எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொல்லித்தர ஆசைப்படாத விஷயம். இருந்தாலும் என்னைவிட இது யாருக்குத் தெரியும்? படி இறங்கும்போது கடைசிப் படி இருக்கிற மாதிரி தெரியும், இருக்காது. இல்லாத மாதிரி தெரியும், இருக்கும். கைப்பிடியை விடாதே, வெட்கப்படாதே. ரோடு தாண்டும்போது கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது, உடம்போடு திரும்பிப் பார். கவிதாவோடு நடக்கும்போது அவளை உன் இடது பக்கம் நடக்கச் சொல், அந்தப் பக்கத்தை அவள் பார்த்துக்கொள்வாள். கம்பெனியில் மறைக்காதே. ஓடுகிற மிஷினுக்கும் கைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பது இனி உனக்குச் சரியாகத் தெரியாது. நான் மறைத்தேன், ஊசி விரலில் ஏறியதும்தான் சூப்பர்வைசர் என்னைத் துணி மடிக்கிற மேஜைக்கு மாற்றினார். உன்னிடம் யாராவது கை நீட்டினால் நீ காற்றைப் பிடிப்பாய். சிரித்துவிடு, அவர்களும் சிரிப்பார்கள், பிறகு தூரமாகப் போய் அழுதுகொள்.

தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றுவாய். கவிதா ஓடிவந்து வாங்கிக்கொள்ளப் பார்ப்பாள். கொடுக்காதே. சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் முட்ட வைத்து, முட்டியது கையில் தெரிந்த பிறகு சாய். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எனக்குப் பழகி எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்று காலை கவிதா ஃபோனை வைத்ததும் அப்பாவுக்குக் காபி ஊற்றினேன். பூராவும் மேடையில்தான் ஊற்றினேன்.

உன் அம்மா